ஏற்கெனவே நாலு பேர் எழுதிவிட்ட கதை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மற்றவர்களுக்காக அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நில அளவையாளராக வேலை பார்த்த உங்கள் அப்பா, கடைசி ஆறு ஆண்டுகள் மறதி நோயோடு வாழ்ந்தார். அவர் இறந்த பிறகு அதை நாவலாக எழுதத் தொடங்கினீர்கள். மூன்று ஆண்டுகளில் 60,000 சொற்கள் வந்திருக்கின்றன. அதற்குள் இதே விஷயத்தை வைத்து நான்கு நாவல்கள் வெளியாகிவிட்டன. அவற்றில் ஒன்றுக்கு விருதும் கிடைத்துவிட்டது. பதிப்புத் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர், "மறதி நாவலெல்லாம் ஓடி முடிஞ்சாச்சு" என்று சொல்லிவிட்டார். எழுதுவதை நிறுத்திவிடுவதா, வேறு விஷயத்துக்கு மாறுவதா, அலை முழுதாக அடங்குவதற்குள் எப்படியாவது முடித்துக் கொடுத்துவிடுவதா என்று கேட்கிறீர்கள்.

மூன்றும் வேண்டாம். ஆனால் இப்போது இருக்கும் வடிவத்திலேயே முடித்து அனுப்பவும் வேண்டாம். அப்படி நான் சொல்வதற்கான காரணத்தை உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

முதலில் நண்பர் சொன்னதைப் பார்ப்போம். அவர் பொய் சொல்லவில்லை. 22 ஆண்டுகளாகக் கைப்பிரதிகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலையில் இருக்கிறேன், நானும் அதே வாக்கியத்தைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் எங்கள் வாயிலிருந்து அது வரும்போது அதற்கு என்ன பொருள் என்று எழுதுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பதிப்பகம் ஓர் ஆண்டில் இத்தனை நாவல்தான் போட முடியும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கும். அதில் ஏற்கெனவே ஒரு மறதி நாவல் இருந்தால், அடுத்ததை எடுக்கத் தயங்குவார்கள். ஒன்றை விற்கவேண்டிய ஆட்களே மற்றதையும் விற்க வேண்டும், மதிப்புரை எழுதுபவரும் இரண்டையும் சேர்த்துவைத்து ஒரே கட்டுரையாக முடித்துவிடுவார். ஆகவே "ஓடி முடிந்துவிட்டது" என்றால் பெரும்பாலும் "எங்கள் பட்டியலில் இப்போது இடமில்லை" என்று பொருள். அடுத்த பதிப்பகத்தின் பட்டியல் வேறு. இரண்டு ஆண்டு கழித்து அதே பதிப்பகத்தின் பட்டியலும் வேறாகிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நாவலை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அது அச்சாகிக் கடைக்கு வர ஓர் ஆண்டு, சில இடங்களில் இரண்டு ஆண்டுகள்கூட ஆகும். எழுத ஆன காலத்தையும் சேர்த்தால், நீங்கள் இன்று பார்க்கும் அந்த நான்கு நாவல்களும் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு யாரோ மேசையில் உட்கார்ந்து எடுத்த முடிவுகள். அவற்றைப் பார்த்து நீங்கள் அவசரப்படுவதில் பயனில்லை, பயந்து விலகுவதிலும் பயனில்லை. இன்று எது விற்கிறது என்று பார்த்து வேறு விஷயத்துக்கு மாறினாலும் இதே கதிதான்: நீங்கள் எழுதி முடிக்கும்போது அதுவும் பழசாகியிருக்கும், அதை உங்களுக்குள் மூன்று ஆண்டு சுமந்திருக்கவும் மாட்டீர்கள்.

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இந்தக் கணிப்பில் எவ்வளவு தவறுவோம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லவேண்டும். முதல் உலகப் போர் 1918இல் முடிந்தது. பத்து ஆண்டுகள் போனபின் எரிக் மரியா ரெமார்க் தன் போர் நாவலை ஜெர்மனியின் மதிப்புமிக்க பதிப்பாளரான சாமுவேல் ஃபிஷரிடம் கொண்டுபோனார். போரைப் பற்றி இனிமேல் யாரும் படிக்க விரும்பமாட்டார்கள் என்று ஃபிஷர் அதை மறுத்துவிட்டார். 1928இன் கடைசியில் அது ஒரு பத்திரிகையில் தொடராக வந்தது, 1929 ஜனவரியில் வேறு பதிப்பகம் நூலாக்கியது. அடுத்த ஒன்றரை ஆண்டில் இருபதுக்கும் அதிகமான மொழிகளில் 25 லட்சம் பிரதிகள் போயின. ஃபிஷர் முட்டாள் கிடையாது, அந்தக் காலத்தின் பெரிய எழுத்தாளர்களைக் கண்டெடுத்தவர். அவர் போரைப் பார்த்தார், அந்தக் கைப்பிரதியில் இருந்த பூட்ஸைப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும். அந்த நாவலில் ஒரு ஜோடி நல்ல பூட்ஸ் வரும். சாகக் கிடக்கிற ஒரு பையனிடமிருந்து அது அவன் நண்பனுக்குப் போகும். அவனும் செத்த பிறகு அடுத்தவனுக்குப் போகும். பத்து ஆண்டுகளாக எல்லோரும் எழுதித் தீர்த்த போர் அந்த ஒரு ஜோடி பூட்ஸுக்குள் புதிதாக இருந்தது.

நான் செய்த தவறும் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு விவாகரத்தைப் பற்றிய ஒரு கைப்பிரதியை முப்பது பக்கம் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். அந்தச் சமயம் எங்கள் மேசையில் அதே விஷயத்தில் ஏழெட்டுக் கைப்பிரதிகள் இருந்தன, களைத்துப்போயிருந்தேன். வேறொரு பதிப்பகம் அதை வெளியிட்ட பிறகு முழுதாகப் படித்தேன். நாற்பத்தைந்தாம் பக்கத்தில், பிரிந்துபோகும் கணவனும் மனைவியும் வீட்டிலுள்ள புத்தகங்களைப் பங்கு போட்டுக்கொள்ள உட்காருகிறார்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒருவர் மற்றவருக்கு எழுதிக்கொடுத்த வரிகள் இருக்கின்றன. அந்த நாவல் அங்கேதான் தொடங்குகிறது. முதல் நாற்பது பக்கமும் நான் முன்பே படித்த ஏழெட்டுக் கைப்பிரதிகளின் பக்கங்கள்தாம். படிக்காமல் விட்டது என் தவறு, அதை இப்போதும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன். ஆனால் தன் கதையை நாற்பத்தைந்தாம் பக்கம்வரை ஒளித்து வைத்திருந்தவருக்கும் அதில் பங்கு உண்டு. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தக் கைப்பிரதிதான் நினைவுக்கு வந்தது.

நாம் சங்கப் பாடல்களைப் படித்து வளர்ந்தவர்கள். பொருள் பழகிவிட்டது என்று பயப்பட நமக்குத்தான் காரணம் குறைவு. அகத்திணைப் பாடல்களில் யாருக்கும் பெயர் கிடையாது, சொல்லக்கூடாது என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. தலைவன், தலைவி, தோழி, செவிலித்தாய் என்று கைவிரலில் எண்ணிவிடக்கூடிய சிலரே திரும்பத் திரும்ப வருவார்கள். நிலமும் பொழுதும்கூட முன்பே முடிவானவை. இந்தக் கட்டுக்குள்ளேதான் குறுந்தொகை நானூறு, நற்றிணை நானூறு, அகநானூறு நானூறு என்று பாடிக் குவித்தார்கள். பிரிந்துபோனவனை நினைத்து வருந்தும் பெண் என்பதைவிட அதிகமாக எழுதப்பட்ட பொருள் நம் மொழியில் எதுவும் இருக்காது. அதே பொருளை எடுத்துக்கொண்ட ஒருவர், அவன் இல்லாதபோது நான் எப்படி இருக்கிறேன் தெரியுமா, மனிதர்கள் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் ஆடுமே, அந்த வீடு மாதிரி இருக்கிறேன் என்று அவளைச் சொல்ல வைத்தார். அவருடைய சொந்தப் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. அந்த அணிலை வைத்து அணிலாடு முன்றிலார் என்றே அவரை அழைக்கிறோம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

மறதி நோய் நாவலாவதும் புதிதில்லை. ஜப்பானில் சவாகோ அரியோஷி 1972லேயே இதை எழுதி, அந்த நாட்டையே முதுமையைப் பற்றிப் பேச வைத்தார். அதில் மாமனாருக்குச் சொந்த மகனை அடையாளம் தெரியாது, மருமகளை மட்டும் தெரியும். வேலைக்குப் போகும் அந்த மருமகளின் தோளில் எல்லாம் விழும். 35 ஆண்டுகள் கழித்து லிசா ஜெனோவா நோயாளியின் உள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டார், அவருடைய நாயகி ஐம்பது வயதுப் பேராசிரியை. அந்த நாவலையும் யாரும் எடுக்காததால் 2007இல் அவர் தானே அச்சிட்டார், பெரிய பதிப்பகம் ஒன்று 2009இல்தான் வெளியிட்டது. 2014இல் எம்மா ஹீலி இன்னொரு வாசலைத் திறந்தார். எண்பது வயதைத் தாண்டிய பெண் ஒருத்தி தன் தோழியைக் காணோம் என்று துப்பறியக் கிளம்புகிறாள், ஆனால் எதைத் தேடிவந்தோம் என்பதே மறந்து மறந்து போகிறது. மூன்றிலும் நோய் ஒன்றுதான். யார் எங்கே நின்று பார்க்கிறார்கள், அவர்களுக்கு அந்தச் சமயம் என்ன தேவைப்படுகிறது என்பது மாறியதும் வேறு வேறு நாவல்களாகிவிட்டன.

இப்போது உங்கள் நாவலில் யார் எங்கே நிற்கிறார்கள்? நீங்கள் அனுப்பிய அத்தியாயச் சுருக்கத்தின்படி, அன்பான மகள் ஒருத்தி அப்பாவின் பக்கத்தில் நின்று அவர் கரைந்துபோவதைப் பார்க்கிறாள். அவர் வீட்டுக்கு வழி தெரியாமல் தெருவில் நிற்கிறார். அடுப்பை அணைக்காமல் விட்டுவிடுகிறார். மகளை அவளுடைய அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மருத்துவர் கடிகாரம் வரையச் சொல்கிறார், அவரால் முடியவில்லை. இவை எல்லாமே உங்கள் வீட்டில் உண்மையாக நடந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த நான்கு நாவலாசிரியர்கள் வீட்டிலும் நடந்திருக்கும். உண்மையாக நடந்ததாலேயே ஒரு காட்சி உங்களுடையது ஆகிவிடாது, இதை ஏற்றுக்கொள்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நோய் எல்லோருக்கும் பொதுவான காட்சிகளைத்தான் தரும். நாவலாசிரியர் அதற்கு மேல் ஒன்று தரவேண்டும்.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். அந்த நான்கு நாவல்களையும் பயந்துகொண்டு தள்ளி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். படியுங்கள். குறைந்தது இரண்டையாவது, பென்சிலை வைத்துக்கொண்டு படியுங்கள். உங்களுடையதில் வரும் காட்சி அங்கேயும் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு, அந்த ஆசிரியர் அந்தக் காட்சியில் எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார் என்றும் எழுதிவையுங்கள். முக்கியமானது இந்த இரண்டாவது குறிப்புதான். அப்புறம் உங்கள் கைப்பிரதிக்குத் திரும்பி வாருங்கள். அப்படிக் குறித்த காட்சியை ஒன்று வெட்டிவிடலாம், இல்லையென்றால் அவர் நிறுத்திய இடத்தைத் தாண்டிப் போகலாம்.

தாண்டுவது என்றால் என்ன என்று கடிகாரத்தை வைத்தே சொல்கிறேன். மருத்துவர்கள் ஒரு தாளைக் கொடுத்து, வட்டம் போட்டு எண்களை எழுதி பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொல்வார்கள். எல்லா மறதி நாவல்களிலும் எண்கள் ஒரு பக்கமாகக் குவிந்துவிடும், மகள் அழுதுவிடுவாள். உங்கள் அப்பா முப்பது ஆண்டு வரைபடம் வரைந்தவர். அவர் கையில் பென்சிலைக் கொடுத்தபோது என்ன செய்தார்? பென்சிலின் முனையைப் பார்த்தாரா? தாளைத் திருப்பி வடக்கு எந்தப் பக்கம் என்று தேடினாரா? வட்டம் மட்டும் சுத்தமாக வந்ததா? புதிய நினைவுகள்தாம் முதலில் உதிரும், பல ஆண்டுகள் பழகிய கை வேலை கடைசிவரை தங்கக்கூடும். அப்படியென்றால் அந்தத் தாளில் இரண்டு மனிதர்கள் வரைந்திருப்பார்கள். எந்த மருத்துவருக்கும் அந்த இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்காது. அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் நீங்கள். நீங்களோ, "கடிகாரம் வரைய முடியவில்லை" என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள்.

கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று சொல்கிறீர்கள்: "அப்பா வீட்டுக்குள்ளேயே தப்படி எண்ணிக்கொண்டு நடப்பார், கட்டிலிலிருந்து வாசல் பதினேழு." அத்தியாயச் சுருக்கத்தில் அதைத் தேடினேன், இல்லை. அந்த வரியைப் படித்தபோது என் பேனா நின்றுவிட்டது. வாழ்நாள் முழுதும் மற்றவர்களின் நிலத்துக்கு எல்லை காட்டியவர் தன் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே எல்லை வைத்துக்கொள்ளப் பார்க்கிறார். நிலம் அளக்கும் சங்கிலி ஒன்றுக்கு 66 அடி, 100 கண்ணி, பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர் என்பதெல்லாம் அவருக்குள் பிள்ளைகளின் பெயரைவிட ஆழத்தில் பதிந்திருக்கும். பெயர்கள் போனபிறகும் அளவுகள் இருந்தனவா? என்றைக்காவது பதினேழு பதினெட்டானதா? அன்று அவர் தன் எண்ணிக்கையைச் சந்தேகப்பட்டாரா, வீட்டைச் சந்தேகப்பட்டாரா? எனக்குத் தெரியவேண்டும். தெரியவேண்டும் என்ற இந்த எண்ணத்தை அந்த நான்கு நாவல்களும் எனக்குத் தரவில்லை, உங்கள் ஒரு வரி தந்துவிட்டது.

இனி அந்தக் கடைசிப் பக்கம். "அப்பாவிடம் அண்ணனும் நானும் ஒரு நிலப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம், அவருக்கு எதுவும் புரியாத நாட்களில். அதை நாவலில் விட்டுவிட்டேன், அசிங்கமாக இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் சந்தையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஊருக்கெல்லாம் எல்லைக்கல் நட்டவரின் நிலத்தை, அவர் எல்லை மறந்துபோன நாளில், அவர் பிள்ளைகளே எழுதி வாங்கியிருக்கிறார்கள். வாங்கியவர்களில் ஒருத்திதான் ஆறு ஆண்டு அவரைப் பார்த்துக்கொண்டவள், இப்போது கதை சொல்பவளும் அவள்தான். இதை வெளியே வைத்துவிட்டு எழுதினால் மிஞ்சுவது அன்பான மகளும் மறந்துபோகும் அப்பாவும் மட்டுமே. அதைத்தான் ஏற்கெனவே நாலு பேர் எழுதிவிட்டார்கள். உங்கள் நாவல் மற்றவற்றைப் போல இருப்பதாக நீங்கள் உணர்ந்தது சரியான உணர்வுதான், காரணத்தைத்தான் தப்பாகச் சந்தையில் தேடினீர்கள். எழுதக் கூசிய பகுதியைக் கத்தரித்துவிட்டால் எல்லோருடைய கதையும் ஒன்றுபோலத்தான் தெரியும். என் மேசைக்கு வரும் கைப்பிரதிகளில் பாதிக்கும் மேல் இப்படிக் கத்தரிக்கப்பட்டவை.

இதை எழுதுவது எளிது என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் அண்ணன் இருக்கிறார், நாளைக்கு இதைப் படிப்பார். நாவல் என்பதால் உங்களுக்குச் சில வசதிகள் உண்டு: அண்ணனை அக்காவாக்கலாம், நிலத்தை வீடாக்கலாம், நடந்த வரிசையை மாற்றலாம். அப்பாவின் தொழிலை மட்டும் மாற்றாதீர்கள். அண்ணனாக வரும் ஆளுக்கு, அவர் பக்கத்தில் இருக்கும் நியாயத்திலேயே மிகச் சிறந்ததைக் கொடுங்கள். மருத்துவச் செலவுக்குத்தான் அந்த நிலம் விற்கப்பட்டது என்றால் அதை அவரே சொல்லட்டும், வாசகர் ஒரு நிமிடம் அவரோடு போகட்டும். கதை சொல்பவளை மன்னித்து எழுதாதீர்கள், தண்டித்தும் எழுதாதீர்கள். அச்சுக்குப் போகுமுன் அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. வேறு யார் மூலமாகவோ அவருக்குத் தெரியவரக்கூடாது.

பதிப்பகங்களுக்கு அனுப்பும் நாள் வரும்போது, கூட வைக்கும் கடிதத்தில் "இதுவரை யாரும் தொடாத பொருள்" என்று எழுதிவிடாதீர்கள். படிப்பவருக்கு அந்த நான்கு நாவல்களும் தெரியும், முதல் வரியிலேயே உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும். அவற்றில் இரண்டின் பெயரைச் சொல்லி, இந்த நாவல் எங்கே விலகிப் போகிறது என்று இரண்டு வரி எழுதினால் போதும். நோய் என்ற சொல் முதல் வாக்கியத்தில் வரவேண்டிய தேவையே இல்லை. நில அளவையாளர், அவர் பிள்ளைகள், ஒரு கையெழுத்து என்று தொடங்கினால் நானே அன்றிரவு வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிப்பேன். அப்படியும் சிலர் "இதே மாதிரி ஒன்று எங்களிடம் இருக்கிறது" என்று திருப்பி அனுப்புவார்கள். அது உண்மையாகவே அவர்கள் பட்டியலைப் பற்றிய செய்தி, அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.

60,000 சொற்களில் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்பீர்கள். பாதி மிஞ்சினால் நல்ல கணக்கு என்பேன். மூன்று ஆண்டு உழைப்பு வீண் என்று நினைக்கவேண்டாம், அந்தப் பக்கங்களை எழுதியதால்தான் கையெழுத்தைப் பற்றி ஒரு வரியாவது எனக்கு எழுத உங்களால் முடிந்தது. பழைய அத்தியாயங்களை இப்போதைக்குத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். கையெழுத்து வாங்கிய நாளை முதலில் எழுதுங்கள். யார் பேனாவை எடுத்துக் கொடுத்தது, தாளை எந்தப் பக்கமாக வைத்தீர்கள், அவர் அதைப் படிக்கப் பார்த்தாரா, எல்லாம் வேண்டும். அந்த நேரத்தில் அப்பா உங்களிடம் ஒன்று கேட்டார், அதைக் கடிதத்தில் எழுத முடியவில்லை என்று சொல்லியிருந்தீர்களே. அவர் கேட்டதை முதல் வரியாக வைத்துத் தொடங்குங்கள்.